பக்கத்தில் தமிழுக்கு எத்தனையாவது இடம்?

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று மொழிகளில் அச்சடிக்கும் எதுவானாலும் சரி, நோட்டீஸ், அழைப்பிதழ், படிவம், விழா மலர் எல்லாவற்றிலும் தமிழைக் கடைசியாகக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். தமிழை முதலில் வைத்து அளந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. நேரமில்லாதவர்கள் இத்தோடு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம் :-) மற்றவர்கள் வாருங்கள், ஏன் என்று பேசுவோம்.

"பேங்க் ஆபீசருக்கு பேஜ் லேஅவுட்டில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். பி.காம். படித்தவனுக்கு, தாளில் இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பேரேட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. அதே தொகைதான், அதே மைதான். பக்கம் மாறினால் கொடுக்க வேண்டியவன் வாங்க வேண்டியவன் ஆகிவிடுவான். எங்கே எழுதுகிறோம் என்பதும் எழுத்தில் சேர்த்திதான்.

இன்னொரு காரணம், வெளிநாட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒருவர் பாதி டிடிபி ஆபரேட்டர் ஆகிவிடுகிறார். பொங்கல் விழா நோட்டீஸ், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி மலர், அரங்கேற்ற அழைப்பிதழ், ஊரில் பெரியவர் காலமானால் கண்ணீர் அஞ்சலி என்று எல்லாமே "நீங்க கம்ப்யூட்டர்ல நல்லா பண்ணுவீங்களே" என்று நம் தலையில்தான் வந்து விழும். அப்படி விழுந்தவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

மேலே இருப்பதும் இடம் கிடைப்பதும்

பேஜ்மேக்கர், இன்டிசைன், ஸ்க்ரைபஸ், கேன்வா, ஏன் நம்ம வேர்டு, பவர்பாயிண்ட் வரைக்கும் அடிப்படை ஒன்றே. பக்கத்தில் வைக்கும் ஒவ்வொன்றும் ஒரு ஆப்ஜெக்ட். எழுத்து இருக்கும் பெட்டி ஒரு ஆப்ஜெக்ட், படம் ஒன்று, கோடு ஒன்று, ஓரத்து வாழைமரம் ஒன்று, குத்துவிளக்கு ஒன்று. இவை மேசையில் தாள்களைப் போடுவது போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படும். கடைசியாகப் போட்டது எல்லாவற்றுக்கும் மேலே. வரிசையை மாற்ற நான்கு கட்டளைகள் உண்டு: ஒரேயடியாக முன்னால் கொண்டு வருவது, ஒரு படி முன்னால், ஒரு படி பின்னால், ஒரேயடியாகப் பின்னால் அனுப்புவது. இன்டிசைனில் கண்ட்ரோலும் ஷிஃப்டும் அழுத்தி வலது சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் முன்னால் வரும், இடதைத் தட்டினால் பின்னால் போகும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அடுக்கில் கடைசியாக வந்தவன் எல்லோருக்கும் மேலே உட்காருகிறான். ஆனால் இடம் என்று வரும்போது முதலில் வந்தவன் வேண்டியதை எடுத்துக்கொள்ள, கடைசியாக வந்தவனுக்கு மிச்சம்தான். ரயிலில் கடைசி ஸ்டேஷனில் ஏறியவன் கதைதான். மேல் பெர்த்தில் உயரமாகத்தான் இருப்பான், நிமிர்ந்து உட்கார முடியாது.

பல மொழிப் பக்கங்களில் தமிழின் நிலைமை இதுதான். ஆங்கில மேட்டர் முதலில் ரெடியாகும். அதை வைத்துப் பெட்டிகள் போடுவார்கள், படம் வைப்பார்கள், கமிட்டி ஓகே சொல்லும். அதற்குப் பிறகு யாருக்கோ ஞாபகம் வரும், "அட, தமிழ்ல போடணுமே!" மொழிபெயர்ப்பு வந்து சேரும்போது பக்கத்தில் ஒரு விரற்கடை இடம்தான் மிச்சம் இருக்கும். அதற்குள் தமிழை அடைக்க நான்கு குறுக்கு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, எழுத்தின் அளவைக் குறைப்பது. ஏழு பாயிண்டுக்குப் போனால் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, "பட்டம்" என்பது "படடம" ஆகிவிடும். இரண்டு, அகலத்தை எண்பது சதவீதமாக நசுக்குவது. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்று போலத் தெரியும். மூன்று, வரி இடைவெளியைக் குறைப்பது. மேல் வரியின் உகரக் கொக்கியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் பல சமயம் போதாது.

நான்காவதுதான் ரொம்ப மோசம். ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவது. பெட்டிக்குள் அடங்காத வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். பேஜ்மேக்கரில் பெட்டியின் அடியில் ஒரு சின்ன சிவப்பு முக்கோணம் வரும், இன்டிசைனில் சிவப்புக் கூட்டல் குறி வரும். அதைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பினால் நன்கொடையாளர் பட்டியலின் கடைசி நான்கு பேர் போயே போச்சு. தமிழ் தெரியாத டிசைனருக்கு வாக்கியம் பாதியில் நிற்பது எப்படித் தெரியும்?

எங்கள் ஊர்க் கதை

எங்கள் ஊர் காந்தலூர். தெரியாதவர்களுக்கு: இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா, மறையூருக்கு மேலே. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்தையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். வீட்டில் பேசுவது தமிழ். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் சேர்ந்தன. ஆபீஸ் மலையாளத்தில் என்றால், சந்தையும் சம்பந்தமும் சின்னார் காட்டைத் தாண்டி உடுமலைப் பக்கம். ஆக எங்கள் ஊரில் எதை அச்சடித்தாலும் குறைந்தது இரண்டு மொழி வேண்டும், சுற்றுலாக்காரர்களையும் கணக்கில் எடுத்தால் மூன்று.

1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மையினரான தமிழர்களும் கன்னடர்களும் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் எழுதுவதற்கு ஒரு படிவம் வேண்டும், படிவத்தில் தமிழுக்கு ஒரு பெட்டி வேண்டும். உரிமையைச் சட்டம் கொடுத்துவிடும். பெட்டியைப் போட வேண்டியது லேஅவுட் செய்பவர்தான்.

என் தொழிலிலேயே பாருங்கள். வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் படிவங்கள் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி என்று மும்மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கேரளாவில் வட்டார மொழி என்றால் மலையாளம். மூன்று பெட்டியும் நிறைந்துவிட்டது. நான்காவதாகத் தமிழ் வேண்டும் என்று நினைக்கும் ஒரு நல்ல ஆபீசர் இருந்தால், ஓரத்தில் எங்காவது ஒரு வரி சேர்ப்பார். எங்கே சேர்ப்பார்? மூன்று மொழிக்கு அளந்து போட்ட பெட்டியின் மிச்சத்தில். மலையாளத்தில் 'ஒப்பு' என்றால் முடிந்தது. நமக்குக் 'கையொப்பம்'. ஒரு சொல்லிலேயே இந்த வித்தியாசம் என்றால் ஒரு முழுப் படிவத்தில் எவ்வளவு வரும் என்று பாருங்கள்.

இன்னொன்று. காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மறையூர் வெல்லத்துக்கு 2019இலேயே வந்துவிட்டது. குறியீடு வந்தால் லேபிள் வேண்டும். பூண்டை விளைவிப்பவரில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள், பூண்டு போய் விற்கும் பெரிய சந்தைகளில் ஒன்று தேனி மாவட்டம் வடுகபட்டி. அந்த லேபிளில் தமிழ் கடைசியாக, குட்டியாக இருந்தால், விளைவித்தவரும் வாங்கியவரும் படிக்க முடியாத ஒரு லேபிளை யாருக்காக அச்சடிக்கிறோம்? 2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் போட்டியில் எங்கள் ஊருக்குத் தங்கம் கிடைத்தது. இனி ஹோம்ஸ்டே பலகை, பழத்தோட்ட பிரசுரம் என்று அச்சு வேலை அதிகமாகத்தான் செய்யும். வருகிறவருக்காகப் போடுகிற பலகையில் இருக்கிறவருக்கும் இடம் வேண்டாமா?

நான்கு மொழி ஊரிலும் இதே கதை

நான் இப்போது இருப்பது சிங்கப்பூரில். இங்கே தமிழ் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. அரசு தமிழுக்கு இடம் தருகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் 2014இல் லாவ் பா சாட் உணவங்காடியின் வழிகாட்டிப் பலகையில் தமிழ் தப்பாக வந்து செய்தியானது. பெயரில் இருந்த 'சாட்', சனிக்கிழமையின் சுருக்கமாகி, தமிழில் 'சனி' ஆகிவிட்டது! 2017இல் தேசிய தின அணிவகுப்புத் துண்டுப் பிரசுரத்தில் தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து வந்து, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். யாருக்கும் தமிழ் மேல் கோபம் இல்லை. பெட்டி இருந்தது. அதற்குள் வைத்ததைப் படித்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எழுத்துகள் உருக்குலைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். "கொடி" என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. கணினி யூனிகோடில் சேமிக்கும்போது ககரம்தான் முதலில், உயிர்க்குறி பிறகு. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது சாஃப்ட்வேரின் பொறுப்பு. இன்டிசைனில் 2012இல் வந்த சிஎஸ்6 முதல் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்ற தேர்வு அந்த வேலையைச் செய்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. வாட்ஸப்பில் வந்த தமிழை அதில் ஒட்டினால் கேள்விக்குறிதான் வரும். அதனால்தான் அங்கே தமிழை மட்டும் தனியாக மாற்றவோ திரும்பத் தட்டச்சு செய்யவோ வேண்டியிருக்கிறது. அதனால் இன்னும் லேட். லேட்டானால் இன்னும் கடைசி.

எச்சரிக்கைப் பலகையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாரத்தின் மேல் ஏறும் ஒரு தம்பிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஆங்கிலம் இரண்டே சொல்லில் பெரிதாக நிற்கிறது. அவன் படிக்க வேண்டிய வரி அடியில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. இது மொழிப்பற்று சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, என்ன செய்யலாம்?

1. வேலையை ஆரம்பிக்கும் முன் தமிழ் மேட்டரைக் கையில் வாங்குங்கள். "டிசைன் முடியட்டும், அப்புறம் தர்றேன்" என்பவரிடம், தமிழ் வராமல் டிசைனே தொடங்காது என்று சொல்லிவிடுங்கள்.

2. தமிழைப் படிக்கிற அளவில் தட்டச்சு செய்து, அது தாராளமாக அடங்கும்படி பெட்டி போடுங்கள். பெரியவர்கள் படிக்கும் தாள் என்றால் பன்னிரண்டு பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். அந்தப் பெட்டியையே நகலெடுத்து மற்ற மொழிகளுக்கு வையுங்கள். தமிழுக்குப் போதுமான பெட்டியில் ஆங்கிலம் பெரும்பாலும் சௌகரியமாக உட்காரும், தலைகீழாகச் செய்தால் உட்காராது.

3. மொழிக்கு ஒரு லேயர். அடியில் பின்னணியும் பார்டரும், அதற்கு மேல் படங்கள், அதற்கு மேல் தமிழ், மலையாளம், ஆங்கிலம் தனித்தனியாக. கண் படத்தைத் தட்டினால் ஒரு மொழி மறையும், வரும். ஒரே கோப்பில் மூன்று நோட்டீஸ். இன்டிசைனில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேயரை மறைத்தாலும் அதிலிருக்கும் படத்தைச் சுற்றி எழுத்து விலகுவது நிற்காது. லேயர் தேர்வுகளில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் டிக் போட வேண்டும்.

4. பின்னணியைப் பூட்டுங்கள். கண்ட்ரோல் + எல். இல்லாவிட்டால் எழுத்தை இழுக்கப் போய் பிள்ளையார் நகர்ந்துவிடுவார்.

5. படத்தையும் அதன் பெயரையும் குரூப் செய்யுங்கள். கண்ட்ரோல் + ஜி. இருபது பேர் படம் இருக்கும் மலர்ப் பக்கத்தில் குரூப் செய்யாமல் வரிசையை மாற்றினால், படம் போகும், பெயர் அங்கேயே நிற்கும். உயிரோடு இருப்பவர் பெயர் அஞ்சலிப் படத்தின் கீழே வந்தால் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்?

6. பெட்டிகளைக் கண் மதிப்பில் நேராக்காதீர்கள், அலைன் கட்டளைக்கு விட்டுவிடுங்கள். இன்டிசைனில் 'கீ ஆப்ஜெக்ட்' என்று ஒன்று உண்டு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒன்றை மட்டும் மறுபடி தட்டினால் அது நகராது, மற்றவை அதற்கு ஏற்ப வந்து நிற்கும். அந்த நகராத பெட்டியாகத் தமிழ்ப் பெட்டியை வையுங்கள்.

7. போன வருஷத் தேதியின் மேல் வெள்ளைப் பெட்டி போட்டு மறைக்கும் வித்தை வேண்டவே வேண்டாம். பழைய தேதி கீழே உயிரோடு இருக்கும். பிடிஎஃப்பில் தேடினால் வரும், அடுத்த வருஷம் யாராவது வெள்ளைப் பெட்டியை நகர்த்தினால் நேராகவே வந்துவிடும். அடியில் இருப்பதைக் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு தட்டித் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள்.

8. அச்சுக்குப் போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசி வரி வரை படிக்க வேண்டும். சிவப்புக் குறி எங்காவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

வழக்கமாக வரும் மறுப்புகள்

"மலையாளம்தானே மாநில மொழி, அதைத்தானே முதலில் போடணும்?" மேலே போடுங்கள், யார் வேண்டாம் என்றது? நான் கேட்பது மேலே இருக்கும் இடத்தை இல்லை. முதலில் அளப்பது வேறு, மேலே வைப்பது வேறு. கேரளாவில் மலையாளம் மேலே, சிங்கப்பூரில் ஆங்கிலம் மேலே, இருக்கட்டும். படிக்கிற அளவில் ஒரு பெட்டி வேண்டும், அவ்வளவுதான். மலையாளிகள் சிறுபான்மையாக இருக்கும் இடத்தில் நாம் நோட்டீஸ் அடித்தால் அவர்களுக்கும் இதே நியாயம்தான்.

"எல்லா மொழிக்கும் ஒரே அளவு பெட்டிதானே கொடுக்கிறோம்? அதுதானே சமம்?" ஆறடி ஆளுக்கும் நாலடி ஆளுக்கும் ஒரே அளவு கட்டில் கொடுப்பது சமம் இல்லை. இருவர் காலும் உள்ளே இருந்தால்தான் சமம்.

"தமிழ் பெரிதாகப் போட்டால் டிசைன் அழகு போயிடும்." ஆங்கிலத்துக்காக வரைந்த டிசைனில் தமிழைத் திணித்தால் போகத்தான் செய்யும். தமிழுக்காகவே வரைந்து பாருங்கள். நம் ஊர் அழைப்பிதழ்கள் அழகாக இல்லையா என்ன?

"நம்ம பிள்ளைங்க தமிழ் எங்க படிக்குது? ஆங்கிலம் போதுமே." இதுதான் என்னை உண்மையிலேயே யோசிக்க வைக்கும் கேள்வி. பிள்ளை பக்கத்தைப் படிக்கும் முன் பக்கத்தைப் பார்க்கிறது. ஒரு மொழி எப்போதும் அடியில், சிறிதாக, நசுங்கி இருந்தால், அது முக்கியமில்லாத மொழி என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே தெரிந்துகொள்கிறது. வீட்டில் "தமிழ் பேசு, தமிழ் படி" என்று நாம் தினமும் சொல்வதை, நாமே அடித்த நோட்டீஸ் ஒரு நொடியில் அடித்துப் போட்டுவிடுகிறது.

தமிழுக்கு இடம் கொடுக்கச் சொல்லி அரசாங்கத்திடமும் அலுவலகத்திடமும் மனு கொடுப்பது நடக்க வேண்டியதுதான், அதற்கு நாளாகும். நம் கையில் இருக்கும் கோப்பில் இடம் கொடுக்க யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அடுத்த பொங்கல் நோட்டீஸ் உங்கள் தலையில் விழும்போது, புதுப் பக்கத்தைத் திறந்தவுடன் முதல் பெட்டியைத் தமிழுக்குப் போடுங்கள்.

பி.கு: கோப்பை அடுத்த ஆளுக்குத் திறக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்த 7.0. இன்டிசைன் சிஎஸ்6 வரை அந்தக் கோப்புகளைத் திறந்தது, பிறகு வந்த பதிப்புகள் திறப்பதில்லை. சங்கத்தின் பழைய மலர்கள் சிடியில் இருந்தால் லிப்ரே ஆபீஸின் டிராவில் திறந்து பாருங்கள், முடிந்ததைப் பிடிஎஃப்பாகவும் யூனிகோடாகவும் மாற்றி வையுங்கள். புது வேலைகளில் இன்டிசைனின் 'பேக்கேஜ்' கட்டளையைக் கொடுத்து எழுத்துரு, படம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஸ்க்ரைபஸ் இருக்கிறது. இலவசம், இப்போதைய பதிப்புகளில் தமிழ் யூனிகோடும் ஒழுங்காக வருகிறது.